எடைக்குப் போடாதீங்க, பேட்டரி போடுங்க

இது நடுநிலையான பதிவு இல்ல, முதல்லயே சொல்லிடறேன். பழைய மிலிட்டரி வயர்லெஸ் செட்டை எடைக்குப் போடறவங்க மேலயும், அதைக் குடைஞ்சு உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கிறவங்க மேலயும், "போன் இருக்கும்போது எதுக்குடா இந்த இரும்பு"ன்னு கேக்கற என் கிளாஸ் மக்கள் மேலயும் ரொம்ப நாளா இருக்கற கடுப்பை ஒரே மூச்சுல இறக்கி வைக்கப் போறேன். படிச்சிட்டுத் திட்டறவங்க தாராளமா திட்டலாம்.

ஹாம் ரேடியோக்காரங்க நடுவுல ஒரு சொல் உண்டு: சைலன்ட் கீ. இறந்து போன ஆப்பரேட்டரை அப்படித்தான் சொல்லுவாங்க. தட்டிட்டே இருந்த மோர்ஸ் சாவி இனிமே சத்தம் போடாதுன்னு அர்த்தம். ராயபுரம் பக்கம் அப்படி ஒரு பெரியவர் போயிட்டாரு. காரியம் முடிஞ்ச மறுவாரம் வீட்டைக் காலி பண்ணினாங்க. பரண்ல இருந்ததெல்லாம் காயலான் கடைக்குப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் (அவரும் லைசென்ஸ் உள்ள ஹாம்) விஷயம் தெரிஞ்சு ஓடறதுக்குள்ள, டிரான்ஸ்ஃபார்மரை சுத்தியலால உடைச்சு செம்பைத் தனியா, அலுமினியத்தைத் தனியா பிரிச்சாச்சு. மிஞ்சினது ஒரே ஒரு பச்சைக் கலர் டப்பா, ரெண்டு மூணு வால்வு. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது செம்பு. வீட்டுக்காரங்களுக்கு அது அப்பா சேர்த்த குப்பை. என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் போட்டோவுல மாலையோட இருந்தாரு.

சரி, அப்படி என்னதான் இருக்கு அந்த டப்பாவுல?

ரெண்டாம் உலகப் போர் படம் எதையாவது பார்த்திருந்தா, சிப்பாய் காதுல செங்கல் மாதிரி ஒண்ணை வெச்சுக்கிட்டுக் கத்தறதைப் பார்த்திருப்பீங்க. பிசி-611ன்னு பேரு. பின்னால மோட்டரோலான்னு ஆன கால்வின் கம்பெனி செஞ்சது. ஒரு லட்சத்துக்கும் மேல தயாரிச்சாங்க. எடை ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. உள்ள அஞ்சு வால்வு, அவ்வளவுதான். ஆன் சுவிட்சே கிடையாது. ஆன்டெனாவை வெளிய இழுத்தா செட் ஆன், உள்ள தள்ளினா ஆஃப். இருட்டுல, பயத்துல, கை நடுங்கற ஒருத்தனுக்காக யோசிச்சு செஞ்ச பொருள். வேலை செய்யற அலைவரிசை 3.5ல இருந்து 6 மெகாஹெர்ட்ஸ். அதுல 3.5ல இருந்து 3.7 வரைக்கும் இன்னைக்கும் நம்ம நாட்டுல ஹாம்களுக்குக் கொடுத்திருக்கற இடம். அதாவது எண்பது வருஷத்துக்கு முந்தின இந்த செட்டுல இன்னைக்கு சட்டப்படியே பேசலாம்.

அப்புறம் ஏன் பரண்ல தூங்குது? பேட்டரி இல்ல. காரணம் இது ஒண்ணுதான்.

இந்த செட்டுக்கு ரெண்டு விதமான கரண்ட் வேணும். வால்வு இழைகளைச் சூடாக்க 1.5 வோல்ட். வேலையைச் செய்ய 103.5 வோல்ட். அதுக்குன்னு தனி அளவுல செஞ்ச பேட்டரிகள் அப்ப இருந்தது, இப்ப யாரும் செய்யறதில்ல. அதனால "செட் செத்துப் போச்சு"ன்னு முடிவு கட்டிடறாங்க. கட்டை பேட்டரி தீர்ந்த டார்ச்சை யாராவது செத்துப் போச்சுன்னு சொல்லுவாங்களா? 1.5 வோல்ட்டுக்கு எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கிற டார்ச் கட்டை போதும். 103.5க்கு? ஸ்மோக் அலாரம், மல்டிமீட்டர்ல போடற சின்ன 9 வோல்ட் பேட்டரி தெரியுமில்ல, அதுல பதினொண்ணை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோர்த்தா 99 வோல்ட். புதுசா இருக்கும்போது இன்னும் கொஞ்சம் மேலயே நிக்கும். பழைய பேட்டரி எந்த அளவோ அதே அளவுல ஒரு அட்டை டப்பா செஞ்சு, இதையெல்லாம் உள்ள அடுக்கி, பழைய இடத்துலயே செருகினா முடிஞ்சது. செட்டுல ஒரு ஓட்டை போட வேணாம், ஒரு ஒயரை வெட்ட வேணாம்.

"பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி வெச்சா ஒரே லித்தியம் செல்லுல நூறு வோல்ட் வந்துடுமே"ன்னு ஒரு புத்திசாலி கேப்பான். வரும். கூடவே இரைச்சலும் வரும். அந்த கன்வெர்ட்டர் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி ஒட்டற சாதனம். அந்த வெட்டு எல்லாம் ரிசீவர் காதுல "கொர்ர்ர்"ன்னு விழும். நல்லா மூடி, ஃபில்டர் போட்டு, அதை அடக்கறவங்க இருக்காங்க. மலிவு போர்டை அப்படியே மாட்டிட்டு "பழைய செட்னா இப்படித்தான் இரையும்"னு வீடியோ போடறவங்கதான் அதிகம். அந்த இரைச்சல் செட்டோடது இல்ல ராசா, நீ வாங்கின போர்டோடது. என் ஓட்டு 9 வோல்ட் சரத்துக்கே. காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனா சத்தமே இல்லாத கரண்ட்.

இன்னொரு செட்டைப் பத்தியும் சொல்லணும். வயர்லெஸ் செட் நம்பர் 62. பிரிட்டிஷ் வடிவமைப்பு. சுதந்திரத்துக்கு அப்புறமும் நம்ம ராணுவத்துல வேலை பார்த்தது. 1.6ல இருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அதனால ஹாம்கள் அதிகம் பேசற 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் இதுக்குள்ளயே வந்துடுது. தண்ணில விழுந்தா மிதக்கற மாதிரி செஞ்சிருந்தாங்க. இதுக்கு வேண்டியது 12 வோல்ட், அவ்வளவுதான். எந்த மெக்கானிக் கடையிலயும் கிடைக்கிற கார் பேட்டரி! உயர் வோல்ட்டை அதுவே உள்ள செஞ்சுக்கும். இதைப் போய் "ஸ்பேர் இல்ல, பேட்டரி இல்ல"ன்னு எடைக்குப் போட்டா எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

எரியறதுக்குக் காரணம் பழம்பொருள் பாசம் மட்டும் இல்ல. நான் படிக்கறது எலெக்ட்ரானிக்ஸ். மூணு வருஷமா சாஃப்ட்வேர்ல சர்க்யூட் வரைஞ்சு, திரையில அலை வர்றதைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டுல ஒட்டி, கையெழுத்து வாங்கறேன். என் கையில இருக்கற போனைத் திறந்தா ஒரு கருப்புச் சில்லு. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, பாடம் எடுக்கறவருக்கும் காட்ட முடியாது. பிசி-611ஐத் திறந்தா இது ஆசிலேட்டர், இது மிக்சர், இது 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்., இது அவுட்புட்னு விரலால தொட்டுக் காட்டலாம் (கரண்ட் இல்லாதப்ப!). அனுப்பறதுக்கு ஒரு கிரிஸ்டல், வாங்கறதுக்கு அதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு கிரிஸ்டல். சூப்பர்ஹெட்ரோடைன்னு புத்தகத்துல நாலு பக்கம் ஓட்டின விஷயம் இந்த ரெண்டு கிரிஸ்டலைப் பார்த்த அஞ்சாவது நிமிஷம் புரிஞ்சது. ஷோகேஸ்ல வெச்சவனுக்கு இது புரியப் போறதில்ல. ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சவனைப் பத்திப் பேசவே வேணாம், வீணையை உடைச்சு ஷூ ஸ்டாண்டு பண்ணின கேஸ் அது.

இப்ப அடுத்த கோஷ்டி. "மச்சி, இதெல்லாம் வெச்சிருந்தா போலீஸ் பிடிக்கும்டா."

சிரிச்சிட்டுப் போக முடியாத பேச்சு இது. தமிழ்நாட்டுல வயர்லெஸ்னா ஏன் பயம்னு எனக்குத் தெரியும். 1986 நவம்பர்ல விடுதலைப் புலிகளோட தகவல் தொடர்புக் கருவிகளை இங்க போலீஸ் பறிமுதல் பண்ணினது, அதுக்காகப் பிரபாகரன் சென்னையில உண்ணாவிரதம் இருந்தது, கருவிகள் திரும்பக் கிடைச்சது எல்லாம் வரலாறு. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம், கொலை பண்ணின கும்பல் யாழ்ப்பாணத்தோட ரகசிய வயர்லெஸ்ல பேசிட்டிருந்தது விசாரணையில வெளிய வந்தது. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு பச்சை டப்பாவும் ஆன்டெனாவும் கண்ணுல பட்டா வயித்துல புளி கரைக்கறது நியாயம்தான். ஆனா இதோட இன்னொரு பாதியை யாரும் சொல்றதில்ல. அன்னைக்கு இறந்து போன ராஜீவ் காந்தி ஒரு ஹாம். லைசென்ஸ் உள்ள ஹாம். அவரோட அழைப்புக்குறி வியூ2ஆர்ஜி. ஒரே தொழில்நுட்பம், ரெண்டு பக்கமும். ஒருத்தர் பேரைச் சொல்லிப் பேசினவர், இன்னொருத்தர் பேரை மறைச்சுப் பேசினவங்க.

வித்தியாசம் அங்கதான். ஹாம் வாயைத் திறந்தா முதல்ல சொல்றது அவரோட அழைப்புக்குறி. சங்கேத பாஷை கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, யாரு வேணா ஒட்டுக் கேக்கலாம். பேரு, விலாசம் எல்லாம் அரசாங்கப் பதிவேட்டுல இருக்கும். ரகசியமா சதி பண்ண நினைக்கறவன் இவ்வளவு ஃபார்ம் நிரப்பி, பரீட்சை எழுதி, போலீஸ் விசாரணைக்கு உக்காந்து, அதுக்கப்புறமா சதி பண்ணுவான்?

மறுபக்கம் பாருங்க. 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் விட்டது. காரணம், லைசென்ஸ் வேணுமா வேணாமா, எந்த அலைவரிசைன்னு ஒரு வார்த்தை போடாம வாக்கி-டாக்கிகளை வித்துட்டு இருந்தாங்க. செருப்பு வாங்கற மாதிரி கிளிக் பண்ணி வாங்கிட்டு, போலீஸோ ஆம்புலன்ஸோ பேசற இடத்துல போய்க் குறுக்க கத்தற ஆபத்து அதுலதான் இருக்கு. பிசி-611 கொடுக்கற சக்தி அரை வாட் கூட கிடையாது. கிரிஸ்டல் எந்த அலைவரிசையோ அதுல மட்டும்தான் பேசும். சந்தேகப்படணும்னா எதை?

அதுக்காக சட்டமே வேணாம்னு சொல்ல வரல. 1933 சட்டப்படி லைசென்ஸ் இல்லாம செட் வெச்சிருக்கறதே குத்தம். 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வெச்சிருக்க அனுமதி வேணும்னுதான் சொல்லுது. இருக்கட்டும். வழி இருக்கே! ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பரீட்சைக்கு மோர்ஸ் கூட வேணாம். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. நம்ம ரெண்டாம் வருஷ சிலபஸ் படிச்சவன் ரெண்டு வாரத்துல பாஸ் பண்ணலாம். என் கோபம் வேற. பாஸ் பண்ணினதுக்கு அப்புறம் காகிதம் கைக்கு வர மாசக்கணக்குல ஆகுது. அதுக்குள்ள பையன் டிகிரி முடிச்சு வேளச்சேரிக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிடறான். ஒரு ஆர்வத்தைக் கொல்றதுக்குத் தடை போட வேணாம், தாமதம் போதும்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. ஆல் இந்தியா ரேடியோ வர்றதுக்கு முன்னாடி, 1924ல, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார்னு ஒருத்தர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பிச்சாரு. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். எல்லாம் ஆர்வலர்கள் சந்தா போட்டு நடத்தினது. 1927ல காசு இல்லாம மூடினாங்க, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போச்சு. 1930ல இருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்திச்சு. 1938லதான் ஆல் இந்தியா ரேடியோ வந்து எடுத்துக்கிட்டது. நம்ம ஊர்ல ரேடியோவைத் தொடங்கி வெச்சது அரசாங்கம் இல்ல, நம்மள மாதிரி பொழுதுபோக்குக்காரங்க! 1939ல போர் வந்ததும் வெள்ளைக்காரன் ஹாம் லைசென்ஸ் எல்லாத்தையும் ரத்து பண்ணி செட்டை ஒப்படைக்கச் சொன்னான். அவன் பயந்தது புரியுது, 1942ல உஷா மேத்தா பம்பாய்ல நடத்தின காங்கிரஸ் ரேடியோ அந்த பயத்தை நிஜமாக்கினது. ஆனா அவன் போய் எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவனோட பயத்தை மட்டும் நாம ஏன் பத்திரமா வெச்சிருக்கோம்?

(சைடு மேட்டர்: 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம ஹார்பர் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்ச எம்டன் கப்பல் எப்படி ஒழிஞ்சதுன்னு தெரியுமா? அதே வருஷம் நவம்பர் 9 அன்னைக்கு கோகோஸ் தீவு வயர்லெஸ் நிலையத்தை அழிக்கப் போச்சு. அழிக்கறதுக்குள்ள அங்க இருந்தவங்க உதவி கேட்டு செய்தி அனுப்பிட்டாங்க. ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் வந்து கதையை முடிச்சது. "எம்டன்"னு திட்டற நம்ம ஊர்ல இந்தப் பாதிக் கதை யாருக்கும் தெரியறதில்ல.)

கடைசியா, போன் கோஷ்டி. "ஜியோ இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு, எதுக்குடா?" இந்தக் கேள்வியை அண்ணா நகர்ல இருக்கறவன் கேட்டா மன்னிச்சிடுவேன். எண்ணூர்ல இருந்து பஸ் ஏறி வர்றவன் கேட்டா எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்துல நம்ம போன் எத்தனை நாள் செங்கல்லா கிடந்ததுன்னு மறந்து போச்சா? டவருக்குக் கரண்ட் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. அப்ப சென்னையில ஹாம்கள்தான் செய்தி கடத்தினாங்க. 2016 வர்தா புயல்லயும் போன் படுத்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம். அந்த வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் கருப்பாப் போன ஜனங்க அதைக் கழுவி முடிக்கறதுக்குள்ள, அதே மாசம் 26ஆம் தேதி நடுராத்திரி நெருங்கற நேரம், பெரியகுப்பம் கடலுக்குள்ள போற அமோனியா குழாய்ல கசிவு. தூங்கிட்டிருந்தவங்களை எழுப்பினது நெடிதான். கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தையைத் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம ஓடினாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எந்த ரோடு பாதுகாப்புன்னு சொல்ல ஒரு குரல் இல்ல. போன்ல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அன்னைக்கு டவர் வேலை செஞ்சது. மூணு வாரம் முன்னாடி, மிக்ஜாம் அன்னைக்கு கசிஞ்சிருந்தா?

அதே டிசம்பர் 26தான் 2004ல சுனாமி வந்த நாளும். அப்ப பாரதி பிரசாத்னு ஒரு ஹாம், அந்தமான்ல வெறும் பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காகத்தான் போர்ட் பிளேயர் போயிருந்தாங்க. தீவுகளோட தொடர்பு அறுந்தப்ப, ஓட்டல்ல இருந்த அவங்க செட்டு வழியாத்தான் "உயிரோட இருக்கோம்"ங்கற செய்திகள் கரைக்கு வந்தது. பொழுதுபோக்குக்குப் போனவங்க கையில செட் இருந்தது, அதை ஓட்டத் தெரிஞ்சது. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

எண்பது வருஷப் பழைய பிசி-611 எண்ணூரைக் காப்பாத்தும்னு நான் கதை விடல. அதோட வீச்சு திறந்த வெளியில ஒண்ணு ரெண்டு மைல். ஹைடென்ஷன் லைன், மோட்டார், மலிவு எல்.இ.டி. பல்பு எல்லாம் சேர்ந்து நம்ம பக்கம் போடற இரைச்சல்ல அதுவும் குறையும். அவசரத்துக்கு ஒரு புது விஎச்எஃப் கைச்செட்டே மேல். ஆனா அந்தப் புது செட்டைக் கையில கொடுத்தா பேட்டரி தீர்ந்ததும் என்ன பண்ணுவ? எதோட எதைக் கோர்த்தா 12 வோல்ட் வரும், கார் பேட்டரியை எப்படி மாட்டறது, ரெண்டு முழம் ஒயரை எந்த நீளத்துக்கு வெட்டினா ஆன்டெனா, யாரு பேசும்போது யாரு வாயை மூடணும்? இதெல்லாம் வெள்ளம் வந்த அன்னைக்கு யூடியூப் பார்த்துக் கத்துக்க முடியாது, நெட் இருக்காது. செத்த செட்டுக்கு உயிர் கொடுத்த பையனுக்கு இது பழக்கம். காசிமேட்டுல போட்டு ஓட்டற அண்ணன்மாருங்க மரைன் விஎச்எஃப்ல பேசற ஒழுங்கைப் பாருங்க. 16ஆம் சேனல் ஆபத்துக்குன்னு ஒதுக்கினது, அங்க வெட்டிப் பேச்சு பேசினா திட்டு விழும். யாரும் அவங்களுக்கு காலேஜ்ல சொல்லித் தரல, கையில செட் இருந்ததால வந்த பழக்கம்.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ராணுவக் கழிவுன்னு ஏலத்துல விடற செட்டுகளை உடைச்சு நொறுக்கித்தான் தரணும்னு இல்ல, லைசென்ஸ் காட்டறவனுக்கு முழுசா கொடுங்க. திருவொற்றியூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் இருக்கற காலேஜ்கள்ல ஒண்ணாவது ஒரு ஹாம் ஸ்டேஷன் வைக்கட்டும், மூடியே கிடக்கற கம்யூனிகேஷன் லேபுக்கு ஒரு வேலை வரும். வீட்டுல ஹாம் தாத்தா இருந்து போயிட்டா, காயலான் கடைக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற இன்னொரு ஹாமுக்கு ஒரு போன் போடுங்க (பார்த்தீங்களா, போனுக்கும் உபயோகம் இருக்கு :) ).

அந்த ராயபுரம் டப்பா இப்ப அண்ணன் வீட்டு மேஜையில இருக்கு. வால்வு ரெண்டு நல்லா இருக்கு. கண்டென்சர் எல்லாம் மாத்தியாச்சு. 3.5க்கும் 3.7க்கும் நடுவுல ஒரு கிரிஸ்டல், அதுக்கு 455 கிலோஹெர்ட்ஸ் மேல இன்னொண்ணு. ரிச்சி தெருவுல மூணு சனிக்கிழமை அலைஞ்சும் கிடைக்கல. யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.

டிஸ்கி: லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடாதீங்க, செட்டை வாங்கவும் செய்யாதீங்க. 9 வோல்ட் பேட்டரிதானேன்னு அலட்சியமா பதினொண்ணு கோர்த்த சரத்தோட ரெண்டு முனையையும் ஈரக் கையால பிடிச்சா சும்மா விடாது. 103 வோல்ட்டை மாத்தி இழை பக்கம் கொடுத்தா அஞ்சு வால்வும் ஒரே நொடியில போயிடும், அப்புறம் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பழைய மிலிட்டரி மீட்டர்ல முள்ளும் எண்ணும் இருட்டுல தெரியறதுக்காக ரேடியம் பூசினது உண்டு, அதைச் சுரண்டிப் பார்க்கற விளையாட்டு மட்டும் வேணவே வேணாம்.